பதினேழாம் தேதியில் ஒரு வரி

வெர்னா ஸ்டால்நேக்கர் பதினான்கு வருடங்களாக ‘வரலாற்றில் இன்று’ பத்தியை எழுதி வந்தாள். மேற்கு வர்ஜீனியாவின் அந்த நிலக்கரி ஊர்ப் பத்திரிகையில் மூன்றாம் பக்க மூலையில் வரும். எழுதுவது என்ன பெரிய எழுதுவது, போன வருடத்துப் பத்தியை வெட்டி ஒட்டி, விட்டுப்போனதைச் சேர்ப்பதுதான். சாவுச் செய்திக்கு அடுத்தபடி ஊரார் படிப்பது அதைத்தான்.

ஏப்ரல் பதினான்குக்கு இரண்டு வரி. 1865: லிங்கன் சுடப்பட்டார். 1958: நம்மூர் ஆறாம் எண் சுரங்கம் வெடித்துப் பதினொரு பேர் அந்த நொடியிலேயே மாண்டனர். அவர்களில் ஒருவன் அவள் புருஷன் ஹோபர்ட்.

‘அந்த நொடியிலேயே’ என்பது பச்சைப் பொய். வெடித்த மறுநாளும் உள்ளே தீ அடங்கவில்லை. உயிரோடு யாருமில்லை, சுரங்க வாயைச் சுவர் வைத்து அடைத்தால்தான் தீ அணையும் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். வீட்டுப் பெண்கள் சம்மதிக்காமல் அடைப்பது அந்த ஊர் வழக்கமில்லை. சர்ச்சில் கூட்டிவைத்துக் கேட்டார்கள். பதினொரு பெண்களும் கை தூக்கினார்கள்.

ஐந்து மாதம் கழித்துச் சுவரை உடைத்து உடல்களை எடுத்தபோது, ஹோபர்ட்டின் சாப்பாட்டு வாளி அவள் கைக்கு வந்தது. மூடியின் உட்புறம் ஆணியால் கீறியிருந்தான்: ‘வியாழன். மூன்று பேர் மூச்சு விடுகிறோம்.’ வியாழன் என்றால் பதினேழாம் தேதி. நான் ஒருத்தி வேகிறது போதாதா என்று அவள் அதை யாரிடமும் காட்டவில்லை.

பிறகு 1970 வந்தது. நிலவுக்குப் போன கப்பல் விண்வெளியில் பழுதாகி மூன்று பேர் தவித்தார்கள். நாடே சோறு தண்ணீர் மறந்து காத்திருந்தது. ஏப்ரல் பதினேழில் உயிரோடு வந்து இறங்கினார்கள். மறுவருடத்திலிருந்து அதையும் பத்தியில் ஒரு வரியாக வெர்னாதான் தட்டச்சு செய்தாக வேண்டும். ஏழு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். எட்டாவது வருடம் முடியவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: ‘1958: ஆறாம் எண் சுரங்கத்தில், அடைத்த சுவருக்குப் பின்னால், மூன்று பேர் இன்னும் உயிரோடு இருந்தனர்.’

ஆசிரியர் வெண்டல் அவளைக் கூப்பிட்டார். “நினைவுக் கல்லுல பதினாலுன்னு வெட்டியிருக்கே வெர்னா?”

“கல்லு வெட்டினவன் உள்ள போய்ப் பாக்கலீங்களே” என்று மூடியை மேஜைமேல் வைத்தாள். அவர் படித்தார். வரி அப்படியே அச்சாயிற்று.

பத்திரிகை வந்த காலையிலேயே ஓப்பல் டாக்கெட் வந்துவிட்டாள். அவளும் அதே விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். திட்டுவாள் என்று வெர்னா எதிர்பார்த்தாள். ஓப்பல் திட்டவில்லை, அந்த மூவர் யார் என்று கேட்டாள்.

“மூடியில கீறினவன் ஹோபர்ட். மத்த ரெண்டு பேரு யாருன்னு தெரியல ஓப்பல். பேரு எழுதல.”

“ஒண்ணும் தெரியாமலே போயிட்டான்னு நெனச்சுத்தான் இருபது வருஷமாத் தூங்கினேன்” என்றாள் ஓப்பல். “நானுந்தானேடி கை தூக்கினேன்.”

உண்மையைச் சொன்னால் நெஞ்சுப் பாரம் குறையும் என்று வெர்னா நினைத்திருந்தாள். மாலைக்குள் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் புருஷன் அந்த மூவரில் ஒருவன் என்று நம்பியே வீடு திரும்பினாள்.