யாரோ தொட்ட மேசை

இருட்டிலும் எதுவும் கண்ணுக்குத் தப்பாது என்பதால் முதுகுக்குப் பின்னால் அவளை ஆந்தை என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த நாடகக் குழுவின் மேடை மேலாளர். நடிகர் எப்போது உள்ளே போகவேண்டும், விளக்கு எப்போது அணையவேண்டும், எல்லாம் அவள் சொன்னால்தான் நடக்கும். மேடையின் இரு பக்கமும் மறைவில் இரண்டு மேசைகள். நடிகர்கள் மேடைக்கு எடுத்துப்போகும் கடிதம், கைத்தடி, மருந்துப் புட்டி என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போட்ட கட்டம். அவற்றை அவளைத் தவிர வேறு ஒருவர் தொட்டால் தோலை உரித்துவிடுவாள்.

ஆனால் யாரோ தொடுகிறார்கள். கடிதத்தை மடிப்பு கீழே இருக்கும்படி வைப்பதுதான் அவள் வழக்கம். நாடகம் தொடங்கும் கடைசி மணிக்கு முன் வந்து பார்த்தால், வலது மேசையில் மடிப்பு மேலே பார்த்துக் கிடக்கிறது. ஒருநாள் இல்லை, இருநாள் இல்லை, இந்த நாடகம் தொடங்கிய பதினோரு நாளும். குழுவின் முதலாளிக்குப் போகும் குறிப்பேட்டில் ‘மேசையை யாரோ தொடுகிறார்கள்’ என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

யாராக இருக்கும்? விளக்குக்காரர் பார்வையே சரியில்லை. கதாநாயகர் இரண்டு நாளாக அளவுக்கு மீறிக் குழைகிறார். போதாததற்கு முதலாளி வேறு, “உன் தங்கச்சியும் இந்த வேலைய நல்லாப் பார்ப்பா போலிருக்கே” என்று சிரித்துவைத்தார். தங்கை அங்கே உடை தைப்பவள். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது?

பன்னிரண்டாம் நாள், கடிதத்தை வைத்த கையோடு பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கடைசி மணியும் அடித்துவிட்டது. தையல் வேலையை அப்போதுதான் முடித்த தங்கை அவசரமாக வந்து கடிதத்தை எடுத்தாள்.

மணிக்கட்டைப் பிடித்தாள் அக்கா. “நீதானா? என் வேலைக்கே உலை வைக்கிறியா?”

“மெதுவா பேசு அக்கா. கைய விடு, கதாநாயகர் அந்தப் பக்கம் நிக்கிறாரு.”

“எந்தப் பக்கம்?”

“வலது பக்கம். பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே நாடகத்தப் போட்டப்பதான் இடது பக்கமா வந்தாரு. நீ இன்னும் பழைய நெனப்புல இந்த இடது மேசையிலேயே வெச்சிட்டிருக்க.”

எதிர்ப்புறம் கதாநாயகர் மேடையைப் பார்த்தபடி, திரும்பாமலே மேசைப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அக்கா தங்கையின் மணிக்கட்டை விட்டாள். கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு பின்திரைக்குப் பின்னால் ஓடி, அந்தக் கையில் வைத்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடைவேளையில் தங்கையிடம் கேட்டாள். “எத்தன நாளா?”

“முதல் நாள்லேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ தாங்கமாட்ட.”

அக்கா குறிப்பேட்டைத் திறந்தாள். பதினோரு பக்கத்திலும் ‘யாரோ’ என்ற சொல்லை அடித்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில், ‘பன்னிரண்டு நாளும் கடிதத்தை இடம் மாற்றி வைத்தது நான். சரியாக வைத்தது என் தங்கை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“முதலாளி படிப்பாரே அக்கா.”

“படிக்கட்டும். நாளைக்கு நான் மேசைய அடுக்கினதும் நீ வந்து ஒரு தடவ பாரு.”