மச்சானின் எல்லைக் கல்

நான் அளந்து முடித்து நிமிர்ந்தபோது, கேசவபிள்ளையின் மாட்டுத் தொழுவம் இரண்டு அடி என் மச்சானின் நிலத்துக்குள் நின்றது. வேலிக்கு இந்தப்புறம் தமிழ்க் கட்சிக்காரர்கள், அந்தப்புறம் மற்றவர்கள். இரண்டு பக்கமும் சில கைகளில் கம்பு இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், இங்கேயே மலையாளப் பகுதியோடு இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். நான் பாறசாலையில் குடியிருந்து நெய்யாற்றின்கரை தாலுகா கச்சேரியில் சர்வேயராக இருந்தேன். சர்க்கார் வேலை என்பதால் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. ஆனால் பேசுவது தமிழ், போவது மிஷன் கோயில். என்னை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

*1. முதலிலேயே சொன்னது*

கொல்லயிலில் தாசையன், கேசவபிள்ளை இருவருக்கும் அடுத்தடுத்த தோப்பு. தாசையன் என் மனைவி ரோசம்மாளின் அண்ணன். தமிழ்க் கட்சியில் முன்னால் நிற்பவர். கேசவபிள்ளை மலையாளி, சாலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பல வருஷம் சும்மா கிடந்த எல்லைத் தகராறு, அந்த நாட்களில் திடீரென்று மொழித் தகராறாகிவிட்டது. கேசவபிள்ளை கடையில் சாமான் வாங்கக் கூடாது என்று தமிழ்க் கட்சிக்காரர்கள் சொன்னார்கள். தாசையன் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது.

எல்லையை அளந்து தரச் சொல்லும் மனு என் மேஜைக்கு வந்ததும் தலைமை சர்வேயரிடம் போனேன். "சார், ஒரு பார்ட்டி என் மச்சான். வேறு ஆளை அனுப்புங்கள்" என்றேன்.

"எல்லாரும் வேற வேலையில மாட்டிக் கிடக்கியாங்க. நீரே போய் அளந்துட்டு வாரும்" என்றார் அவர்.

எதிர்ப் பார்ட்டி ஆட்சேபித்தால் அளக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். தோப்பில் எல்லோர் முன்னாலும் கேசவபிள்ளையிடம் உறவைச் சொன்னேன்.

"சாரு வாய் தொறந்து சொன்னீரில்லியா, அது போதும். அளக்கட்டு. ஞான் கூடவே நடப்பேன்" என்றார்.

அப்படியே அளக்கும் செயினுக்குப் பக்கத்திலேயே நடந்தார். ஓடையோரத்துப் பழைய சர்வே கல்லும் ரோட்டோரக் கல்லும் அசையாமல் இருந்தன. இரண்டு கல்லுக்கும் நடுவே கோடு பிடித்தால் அது நேராகத் தொழுவத்துக்குள் போயிற்று. திரும்பவும் பிடித்துப் பார்த்தேன். அதே கோடுதான்.

*2. இரண்டு அடி*

மச்சானுக்கு எதிராக வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டில் சண்டை வந்திருக்கும், ஆனால் வெளியே தலைநிமிர்ந்து நடந்திருக்கலாம். இது அவருக்குச் சாதகமாக வந்துவிட்டது. அந்தப்புறம் ஒருவன் மச்சான் உறவைச் சொல்லிக் கத்தினான்: "அளியனுக்கு அளந்து கொடுத்தல்லோ!"

பகுதிக் கச்சேரியில் ஊர் வரி பார்க்கும் பார்வத்தியார் என்னைத் தென்னை மரத்தடிக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு அடி உம்ம மச்சான் பக்கமாத் தள்ளிக் கல்லப் போடும். தொழுத்து தப்பிரும், ஊரு அமைதியாட்டு இருக்கும். சொந்தக்காரனுக்கும் வளையாத மனுஷன்னு உமக்கும் பேரு வரும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் ஆசை வந்தது. மச்சானுக்கு அந்த இரண்டு அடி பெரிய நஷ்டமில்லை. எனக்கோ பெரிய பெயர். ஆனால் அந்த நிலம் என்னுடையதல்ல. என் நல்ல பெயரை இன்னொருவன் மண்ணில் வாங்க எனக்கு என்ன உரிமை?

திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கோடு தொழுவத்துக்குள்ள போவுது. என் அளவு இதாக்கும். ஆனா இன்னைக்குக் கல்லு போட மாட்டேன். கேசவபிள்ளை சொல்லுற சர்வேயர் வந்து மறுபடி அளக்கட்டும். என் ஸ்கெட்ச அவருக்குக் காட்ட மாட்டேன், நானும் பக்கத்துல வரமாட்டேன்."

கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. தாசையன் மட்டும் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"எலே, உன் அளவுல உனக்கே நம்பிக்க இல்லியா?"

"உண்டு மச்சான். அதுனாலத்தான் இன்னொருத்தன அளக்கச் சொல்லுதேன்."

"நாலு பேரு முன்னால என்னக் கள்ளனாக்கிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனார். ரோசம்மாள் அன்று சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகும் பல ஞாயிற்றுக்கிழமைகள் கோயில் முற்றத்தில் மச்சான் என்னைக் கண்டும் காணாமல் போனார்.

*3. பரமேஸ்வரன் நாயர்*

கேசவபிள்ளை கேட்ட ஆள் பரமேஸ்வரன் நாயர், வேறு தாலுகாவில் இருந்த சர்வேயர், முன்கோபி. தலைமை சர்வேயர் முணுமுணுத்தாலும் உத்தரவு வாங்கிக் கொடுத்தார். நாயர் அளந்த நாளில் நான் கச்சேரியில் உட்கார்ந்து ஒரே ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் அளவில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மனிதரை யாராவது மிரட்டினால்? அவரும் நல்ல பெயருக்கு ஆசைப்பட்டால்?

சாயங்காலம் அவர் வெயிலில் கறுத்து வந்து நாற்காலியில் விழுந்தார். "நான் ரோட்டுக் கல்லிலிருந்து பிடிச்சேன். கோடு தொழுத்துக்குள்ளதான் போவுது. இதுக்கு எதுக்குய்யா என்னை இத்தர தூரம் வரவழைச்சீர்?" என்று எரிந்து விழுந்தார். ஓடிப்போய் அவருக்குச் சாயா வாங்கி வந்தேன். என் சந்தோஷம் அவருக்குப் புரியவே இல்லை.

கல் போட்டார்கள். யாரும் கம்பைத் தூக்கவில்லை. கேசவபிள்ளை தானே தொழுவத்தைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டினார். சுவர் பிரிக்கும்போது தாசையன் உதவிக்கு ஆள் அனுப்பினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கிறிஸ்துமஸுக்கு மச்சான் வாழைக்குலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு முறை மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரோசம்மாள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பிற்பாடு மாநில எல்லை பிரித்தபோது பாறசாலை கேரளத்திலேயே நின்றது. நானும் நின்றேன். இளைய சர்வேயர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்ட்டி சொந்தக்காரன் என்றால் செயினை விரிக்கும் முன்பே சொல்லிவிடு. சொன்ன பிறகு அவன் பக்கமும் சாயாதே, அவனுக்கு எதிராகவும் சாயாதே. இரண்டாவது சாய்வுக்கு ஊர் கைதட்டும்; அதனால் அதில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

தொழுவத் தகராறு முடிந்த மறு வருஷம் கேசவபிள்ளை கச்சேரிக்கு வந்தார். அமரவிளையில் அவருக்கும் தங்கைக்கும் பாகப் பிரிவினை. "சாரு வரணும்" என்றார். மனு கொடுக்கச் சொன்னேன்; கொடுத்தார். அளக்கப் போன அன்று தங்கை மட்டும்தான் நிலத்தில் இருந்தாள். அண்ணன் எங்கே என்று கேட்டேன்.

"அண்ணன் கடையில் கச்சவடத்துக்கு இருக்கியாரு. சாருதானே அளக்குது, ஞான் எதுக்குன்னு கேட்டாரு" என்றாள்.