டீ குடிக்கப் போகும் வைரஸ்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஆம்பூர் வரைக்கும் ஒரு வதந்தி உலவுகிறது. நானோ சத்துவாச்சாரியில் உட்கார்ந்து வாரம் ஒருமுறை இந்தப் பத்தியை டைப் அடிப்பவன். பிரிண்டர் மக்கர் செய்தால் தலையில் இரண்டு தட்டு தட்டுவேன். அதற்கு மேல் வித்தை கிடையாது.

போன வாரம் ஃபயாஸ் பாய் போன் செய்தார். பழைய தோஸ்த். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார்.

"சார், ஆபீஸ்ல வைரஸ் பூந்துடுச்சி. ஒரே பேஜாரா கீது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

"அதுக்குன்னு ஆள் இருப்பானே பாய்?"

"அவன் நாளைக்கு வர்றான். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும்ன்றான். அதுக்கு முன்ன நீங்க ஒரு தடவ பாருங்க. ஒரு பொண்ணோட வேலை வேற இதுல மாட்டிக்கிச்சி."

வைரஸுக்கும் ஒரு பெண்ணின் வேலைக்கும் என்ன சம்பந்தம்? பஸ் ஏறிவிட்டேன்.

பெண்ணின் பெயர் கலைச்செல்வி. பி.காம். படித்தவள். ஆலங்காயத்திலிருந்து பஸ் மாறி வருகிறாள். எந்த மாடலில் எத்தனை ஜோடி தைத்தாயிற்று என்று எக்ஸெல்லில் ஏற்றுவது வேலை. புதிதாகச் சேர்ந்தவள். நான் போனபோது தையல் ஹாலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு!

மேனேஜர் சேகர் என்னைத் தன் கேபினுக்கு அழைத்துப் போனார். மறைந்திருக்கும் ஃபைல்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். அதில் சொன்னபடி, எல்லார் ஃபைலும் இருக்கும் ஆபீஸின் பொது ஃபோல்டருக்கு ஒரு டிக் போட்டிருக்கிறார். வந்தது வினை. கண்ணில் பட்டதைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார்; அதை நீட்டினார்.

"பாருங்க சார். ஆபீஸ் ஃபைல் பேரேதான். முன்னால மட்டும் ஒரு நெளிஞ்ச கோடு, ஒரு டாலர் குறி. டாலர்! பணம் கேட்டு மெரட்டுற வைரஸ் சார் இது."

அழித்துப் பார்த்தாராம். ஃபைல் வேறு இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம்.

"எவனோ உள்ள உக்காந்துனு யூஸ் பண்றான் சார்!"

சரி... இதில் அந்தப் பெண் எங்கே வந்தாள்?

சேகர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு வந்து சிஸ்டத்துல உக்காந்தா இதுவும் வருது. சாப்பிடப் போனா போய்டுது. டீ குடிக்கப் போனாகூட போய்டுது சார். திரும்பி வந்தா வந்துடுது. சாய்ங்காலம் அது பஸ்ஸுக்குக் கெளம்பினா இதையும் காணோம். நான் நல்லா வாச் பண்ணிட்டுதான் சொல்றேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முந்தின நாளே அவள் பையை ஹாலில் வைத்துக் கொட்டிச் சோதித்து, பென் டிரைவையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்வதுதான் பாக்கி.

படத்தில் அந்த ஃபைலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இது எனக்குத் தெரிந்த ஆசாமிதான். நான் இந்தப் பத்தியை அடிக்கும்போதும் பக்கத்தில் இருக்கும்.

வேர்டிலோ எக்ஸெல்லிலோ ஒரு ஃபைலைத் திறந்தால் அதன் அருகிலேயே ஒரு குட்டி ஃபைல் தானாக முளைக்கும். 'இதில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார், நீ வந்து குழப்பாதே' என்று மற்றவர்களுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ஃபைலை மூடினால் அதுவும் போய்விடும். சாதாரணமாகக் கண்ணில் படாது. சேகர் போட்ட டிக்கில் பட்டுவிட்டது.

இப்படி இன்னும் சில அப்பாவிகள் உண்டு. ஃபோல்டர் எப்படித் தெரியவேண்டும் என்று குறித்து வைக்கும் டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ. படங்களைச் சின்னதாகக் காட்ட உதவும் தம்ப்ஸ் டாட் டிபி. பார்த்ததும் நம் ஆட்கள் டெலீட் செய்வார்கள். அது மறுபடி வரும். மறுபடி வந்தால் சந்தேகமே இல்லை — வைரஸ்தான்! நிஜ வைரஸ் இப்படியா திருட்டு முழி முழித்துக்கொண்டு வரும்? 'உங்கள் பில் இணைக்கப்பட்டுள்ளது' என்று மரியாதையாக மெயிலில் வரும். நாமே திறந்து உள்ளே உட்கார வைப்போம்.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று, பாயையும் கேபினுக்குக் கூப்பிட்டு முதலில் ஸ்கேன் செய்தோம். ஒன்றுமில்லை. கலைச்செல்வியைக் கூப்பிட்டேன். நாற்காலி அருகில் வந்து நின்றாள்.

"தொடலாமா சார்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

அவள் ஃபைலைத் திறந்தாள். சேகரின் திரையில் 'வைரஸ்' வந்தது. மூடினாள், போய்விட்டது. ஃபயாஸ் பாய் தானே உட்கார்ந்து ஒரு ஃபைலைத் திறந்தார்.

"அடடே, எனக்கும் வருது சார்! அப்போ இது இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தமா?"

"ஆமா பாய். டீ குடிக்கப் போகும்போதுகூட ஃபைலை ஒழுங்கா மூடிட்டுப் போற பொண்ணு இது."

பாய் முகம் தொங்கிப்போயிற்று. பென் டிரைவையும் சார்ஜரையும் அவரே எடுத்து நீட்டினார். "மனசுல வெச்சிக்காதம்மா. போய் உன் சீட்ல உக்காரு."

அவள் வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"ஹால்ல எல்லார் எதிர்லயும் என் பையக் கொட்டினாங்க பாய். நேத்து பஸ்ஸுல கூட வர்றவங்க யாரும் என் பக்கத்துல உக்காரல. நீங்க ரூமுக்குள்ள சொன்னா அவங்களுக்கு எப்டித் தெரியும்?"

சபாஷ் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பழியை மைக் வைத்துச் சொல்கிற நாம், மன்னிப்பை மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறோம்?

ஃபயாஸ் பாய் நல்ல மனுஷர். நேராக ஹாலுக்குப் போனார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார்.

"நம்ம கலை மேல ஒரு தப்பும் இல்ல. அது வேலை செஞ்சதைத்தான் நாங்க வைரஸ்னு நெனைச்சிட்டோம். தப்பு எங்களுது."

 பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார்.

"அப்போ சேகர் சார் பேர்ல எத்தினி வைரஸ் வந்துச்சி பாய்?"

ஹாலே சிரித்தது. கலைச்செல்வியும் சிரித்துவிட்டாள். பென் டிரைவை வாங்கிக்கொண்டு தன் சீட்டுக்குப் போனாள். சேகர் மட்டும் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் நான் வீடு வந்து சேர்வதற்குள் ஃபயாஸ் பாயிடமிருந்து போன்.

"சார், ஃபோல்டர்ல இப்போ ரெண்டு வைரஸ் கீது! ஒண்ணு சேகரோடது!"