சொந்தக்காரர்கள் போட்ட விருப்பக்குறி

டிரைவர் வேலை என்று சொல்லித்தான் முஜிபுர் ரகுமானை சவூதிக்கு அனுப்பினான் அந்த ஏஜென்ட். போய் இறங்கினால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு சிமெண்ட் மூட்டை தூக்க விட்டார்கள். தப்பி வந்து காரைக்குடியில் மச்சானுடைய பாத்திரக்கடையில் உட்கார்ந்து வருசம் பல ஓடிவிட்டது. ஆனாலும் அந்த ஏஜென்டின் பெயரைக் கண்டால் அவருக்கு இன்னும் தோள் வலிக்கும்.

வெளிநாடு போகிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிற ‘அக்கரை மன்ற’த்தில் அந்தப் பெயரை அவர் மறுபடி பார்த்தார். அரியக்குடிப் பையன் மருது, அதே ஏஜென்டிடம் இந்த வாரம் பாஸ்போர்ட் கொடுக்கப் போவதாகவும், நம்பலாமா என்றும் கேட்டிருந்தான். ஏஜென்டே வந்து பதில் சொல்லியிருந்தான். அவன் பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம். விமானத்தில் ஊறுகாய் கொண்டுபோகலாமா, எத்தனை கிலோ விடுவார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் வருசக்கணக்காகப் பதில் எழுதிச் சேர்த்த நட்சத்திரம் அது.

முஜிபுர் உடனே உறுப்பினராகி, தனக்கு நடந்ததை அப்படியே எழுதினார். எழுதியதை மன்றம் மடக்கி, அடியில் தள்ளிவிட்டது. புதிய உறுப்பினர், மற்றவர்கள் விருப்பக்குறி இட்டால்தான் மேலே வரும் என்றது.

நமக்காகப் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டார். பெண் பார்க்கப் போனாலும் பஞ்சாயத்து என்றாலும் வேன் பிடித்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கிற குடும்பம் அது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மச்சான், சம்பந்தி, கொழுந்தியா மக்கள் என்று எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிரியாணி வேகும் நேரத்தில் வீட்டு வைஃபையிலேயே ஆளாளுக்கு ஒரு கணக்குத் தொடங்கி, விருப்பக்குறி போட்டார்கள். மாமியார் சுபைதா, ‘எங்க மருமகன் தங்கம்’ என்று சொல்லச் சொல்லப் பேரனை விட்டு எழுத வைத்தார்.

மறுநாள் காலையில் முஜிபுரின் கணக்கே முடங்கிக் கிடந்தது. ஒரே இடத்திலிருந்து இயங்கும் போலிக் கணக்குகள் என்று காரணம் போட்டிருந்தார்கள்.

“அத்தா, ஊரே ஒரே வீட்டுக்குள்ள இருந்து கை தூக்குனா, அது ஒரே ஆளு செஞ்ச வேலைன்னுதான் மன்றம் நெனைக்கும்” என்றாள் மகள் பர்வீன் பானு.

“ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு போனு. உங்க அம்மாச்சி போலியா?”

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மன்றத்துக்கு முறையீடு எழுதிக் கொடுத்தாள். மன்றத்தை நடத்துகிற சௌபர்ணிகாவிடமிருந்து பதில் வந்தது. முஜிபுரின் வீட்டோடு தொடர்பில்லாத பழைய உறுப்பினர் யாராவது அவரைப் பற்றி எழுதினால் பரிசீலிப்பார்களாம். முஜிபுருக்குத் தலை சுற்றியது. வீட்டோடு தொடர்பே இல்லாதவனுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்?

வேறு வழியில்லாமல் தேவகோட்டை வீரபாண்டியனுக்குப் போன் போட்டார். சவூதியில் சிமெண்ட் கிட்டங்கியில் அவரோடு மூட்டை தூக்கியவர்; மன்றத்தில் பழைய ஆள். அறையில் யார் சமைப்பது என்பதில் தொடங்கிய சண்டை இருவருக்கும் இன்னும் ஓயவில்லை. மன்றத்தில் தனக்காக எழுதச் சொல்லிக் கேட்டதும் வீரபாண்டியன், “பாய், இப்பத்தான் என் நெனப்பு வந்துச்சாக்கும்” என்று குத்திவிட்டுத்தான் போனை வைத்தார்.

சாயங்காலம் அவர் எழுதியது வந்தது. ‘இந்த ஆள் சரியான முன்கோபி. என்னோடு பேசாமல் ரெண்டு பெருநாளைக் கழித்தவர். குழம்பில் உப்புப் போடத் தெரியாது. ஆனால் அந்த ஏஜென்டைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நிசம். நானும் கூட இருந்தேன்.’

கொஞ்ச நேரத்தில் கணக்குத் திறந்தது. மடங்கிக் கிடந்த எச்சரிக்கை மருதுவின் கேள்விக்கு நேர் கீழே ஏறி நின்றது. முஜிபுர் கல்லாவை விட்டு எழுந்திருக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையடைக்கும் முன் மருதுவின் பதில் வந்தது.

‘அண்ணே, பாஸ்போர்ட்டக் குடுக்கல. உங்க வீட்டாளுக எழுதுனதப் படிச்சப்ப நீங்கதான் ஏமாத்துறீகன்னு நெனச்சேன். அந்தத் தேவகோட்டை அண்ணன் உங்களத் திட்டுன பெறகுதான் நம்பிக்கை வந்துச்சு.’

முஜிபுர் அதை இரண்டு தரம் படித்தார். பையன் தப்பிவிட்டான், அதில் சந்தோசம்தான். ஆனால் தங்கம் என்று எழுதிய மாமியாரிடம் இதை எப்படிப் போய்ச் சொல்வது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.