அப்பாவுக்கு நான் மருமகன்

லைப்சிக் நகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் பன்னிரண்டு தபால்பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் குடியிருப்பவர் பெயர். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் ஒரு துண்டுச் சீட்டுக்கூடப் போடமாட்டார். கடலூர் முதுநகரில் 'பச்சை கேட்டு நடராஜன்' என்று எழுதினால் போதும், கடிதத்தோடு பக்கத்துத் தெருச் சேதியும் சேர்ந்து வரும். இங்கே தகடுதான் ஆள். அந்தத் தகட்டில்தான் எனக்குத் தகராறு. கதிரவன் என்று என் பெயர் இருக்கிறது, சரி. அதற்குக் கீழே கலைச்செல்வி என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. வீட்டில் இருப்பதோ நான் ஒருவன்தான். ஆனாலும் கலைச்செல்விக்கு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. வெளிநாட்டுப் பெண்களுக்கான ஜெர்மன் வகுப்பு என்பார்கள், கைப்பை தள்ளுபடி என்பார்கள்.

ஊரிலிருந்து படிக்கிறவர்கள் வேறு ஏதாவது நினைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கலைச்செல்வி என் மனைவி. பாஸ்போர்ட் அப்படித்தான் சொல்கிறது. கலைச்செல்வி நானும்தான். இருபத்துநான்கு வயதுவரை அந்தப் பெயரில், நடராஜன் மகளாக வளர்ந்து, சிதம்பரத்தில் வேதியியல் படித்தேன். நான் பெண் இல்லை என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லி முடிக்கப் பதினான்கு வருடம் பிடித்தது. டாக்டர் சான்று வாங்கினேன், கெசட்டில் பெயரை மாற்றினேன். பாக்கி இருந்தது வீட்டு ரேஷன் அட்டை. அதில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். மகள் என்று இருக்கும் இடத்தில் மகன் என்று இருக்கவேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அப்பா, அம்மா, நான் மூவரும் ரேஷன் அட்டை திருத்துகிற அலுவலகத்துக்குப் போனோம். எந்த ஊர் அலுவலகம் என்று எழுதமாட்டேன், அம்மா இன்னும் அங்கே காரியமாகப் போய்வரவேண்டியிருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் என் காகிதங்களையெல்லாம் பொறுமையாகப் படித்தார்.

"திருநங்கைன்னு இப்ப சொல்லச் சொல்றாங்களே, அவுங்களுக்கு ஜி.ஓ. வந்திருக்கு தம்பி. ஆனா அது அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் வர்றவுங்களுக்கு. நீங்க இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போறீங்க. அதுக்கு ஒண்ணும் வரல."

என்னைத் தம்பி என்று கூப்பிட்ட முதல் அரசாங்க ஆள் அவர். அதனால் கோபப்படவும் முடியவில்லை. அவரே ஒரு வழியும் சொன்னார். பெண் என்று இருப்பதை அழித்து ஆண் என்று எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு பெயரை நீக்கிவிட்டு இன்னொரு பெயரைச் சேர்க்கலாம்.

"நீக்கறதுக்கு ரெண்டே காரணம். ஒண்ணு சாவு, இன்னொண்ணு கல்யாணம். பேசாம பொண்ணு செத்துட்டான்னு..."

"வாயக் கழுவுங்க சார்," என்று அம்மா எழுந்துவிட்டாள். "எம் பொண்ண நான் எதுக்குச் சாவடிக்கணும்? கல்யாணம்னே எழுதிக்குங்க."

"அப்ப கல்யாணப் பத்திரிகை ஒண்ணு வேணும்மா."

முதுநகரில் பத்திரிகை அடித்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று சிதம்பரம் போனோம். அச்சகக்காரர் பென்சிலோடு உட்கார்ந்தார். மாப்பிள்ளை பெயர் என்ன என்றார். கதிரவன் என்றேன். பெண் பெயர் என்ன என்றார். அதையும் நானே சொன்னேன்.

"தம்பிதான் மாப்பிள்ளையா? பொண்ணு வரலியா?"

"வந்திருக்கு," என்றார் அப்பா.

அச்சகக்காரர் என்னைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் அப்பா, அம்மா பெயரைக் கேட்டார். இதை நாங்கள் யோசித்து வைத்திருக்கவில்லை. "அவுங்க காலமாயிட்டாங்க," என்றாள் அம்மா, கண் இமைக்காமல். மகளைச் சாகடிக்கச் சம்மதிக்காதவள் சம்பந்திகள் இருவரையும் ஒரே மூச்சில் அனுப்பிவைத்துவிட்டாள். இடம் திருவந்திபுரம் கோயில் என்று போட்டோம். முகூர்த்த நாளில் அங்கே நடக்கிற கல்யாணங்களில் யார் எந்தக் கூட்டம் என்று மாப்பிள்ளைக்கே குழப்பம் வரும், நம்மை யார் தேடப்போகிறார்கள்? ஒரே ஒரு பத்திரிகை போதும் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நூறுக்குக் குறைந்து அடிக்கமாட்டோம் என்றார்கள். மீதித் தொண்ணூற்றொன்பதும் எங்கள் வீட்டுப் பரணுக்குப் போயின.

அட்டை திரும்பி வந்தபோது கலைச்செல்வியின் மேல் சிவப்பு மையில் கோடு. கீழே கதிரவன், ஆண். பக்கத்துக் கட்டத்தில் உறவுமுறை: மருமகன். உலகத்திலேயே கல்யாணமானதும் பெண் வெளியேறி, மாப்பிள்ளை மட்டும் மாமனார் வீட்டில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"எனக்கு மகன்னு வேணும் சார்," என்றேன்.

"பத்திரிகைல மாப்பிள்ளை நீங்கதானே தம்பி? மகன்னு போடணும்னா நீங்க பொறந்திருக்கணும்."

பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். ஒரு சொல்லுக்காக வந்து இன்னொரு சொல்லோடு போகிறோமே என்று இருந்தது.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்தவர். சின்ன வயதிலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் முடியை வெட்டி, சட்டை போட ஆரம்பித்த பிறகு இரண்டு வருடம் என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. 'இந்தா' என்பார், இல்லாவிட்டால் இருமுவார். அவர் இருமினால் எனக்கு என்று அர்த்தம். அட்டை வந்த அன்று அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். திரும்பப் படித்தார். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "சாப்புட வாங்க மாப்ள," என்றார். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அன்றிலிருந்து நான் மாப்ளதான். அவருக்கு என்னைக் கூப்பிட ஒரு சொல் கிடைத்துவிட்டது. தப்பான சொல்தான், ஆனாலும் இருமலுக்கு அது எவ்வளவோ மேல். மகன் என்று மட்டும் வாயில் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்த ஏஜெண்டு, அட்டையில் மருமகன் என்றிருப்பதைப் பார்த்து மனைவி பெயர் கட்டாயம் என்றார். கலைச்செல்வி அங்கேயும் ஏறினாள். "அப்பா பேரும் நடராஜன், மாமனார் பேரும் நடராஜனா?" என்று அவர் சந்தேகப்பட்டபோது அப்பா அசரவில்லை. "சிதம்பரத்தச் சுத்தி நடராஜனுக்கா பஞ்சம்? ஜாஸ்தி கேள்வி கேக்காம எழுதுய்யா."

இப்படியாக நான் கல்யாணமான ஆளாக லைப்சிக் வந்திறங்கினேன். நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். அங்கிருந்த பெண்மணி பாஸ்போர்ட்டைப் பார்த்து, மனைவி எப்போது வருகிறார் என்று கேட்டார். வரமாட்டார் என்றேன். அவர் முகம் இளகிவிட்டது. அடிப்படை ஜெர்மன் தேர்வு ஒன்றை எழுதினால் உங்கள் மனைவி உங்களோடு வந்து வாழலாம், அது அவருடைய உரிமை என்று நிறுத்தி நிறுத்தி விளக்கினார். "என் அளவுக்கு அவருக்கும் ஜெர்மன் தெரியும்," என்றேன். "பிறகு என்ன தடை?" என்றார். அதை விளக்குகிற அளவுக்கு என்னிடம் ஜெர்மன் இல்லை. தமிழிலேயே ஓர் அலுவலகத்துக்கு விளக்க முடியாததுதானே. அவர் கொடுத்த பதிவுத்தாளில் மனைவி பெயரும் ஏறியிருந்தது. அதை வைத்துக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் இரண்டு பெயரையும் தகட்டில் பொறித்துவிட்டார். இந்த நாட்டில் இருப்பவர்கள் பெயரையும் பாலினத்தையும் மாற்ற நீதிமன்றத்துக்குப் போய் இரண்டு நிபுணர்களிடம் சான்று வாங்கவேண்டும் என்று பிறகு ஆய்வகத்தில் சொன்னார்கள். எங்களுக்கு வாய்த்த நிபுணர் ஓர் அச்சகக்காரர்.

இரண்டு வருடமாக அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல். கடல் தாண்டி வந்தும் இவள் விடவில்லையே என்று இருக்கும். ஹவுஸ்மைஸ்டரிடம் சொன்னால், "வந்துவிடுவார், நம்பிக்கையை விடாதீர்கள்," என்பார்.

போன மாதம் அம்மா எலுமிச்சை ஊறுகாய் அனுப்பினாள். கூரியர் கடையில் படிவத்தை அப்பாவே நிரப்பினாராம். அடையாளச் சான்றாக ரேஷன் அட்டை நகலையும் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, "கார்டுல மருமகன்னு இருக்கு, நீங்க பாரத்துல மகன்னு எழுதியிருக்கீங்க. எது சார் தப்பு?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒங்கப்பா கத்துன கத்துல கடையே திரும்பிப் பாத்துச்சு," என்றாள் அம்மா போனில். "கார்டுதான்யா தப்பு, அது எம் புள்ளன்னு சொல்லிட்டாரு."

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்கி, இருமினார். "ஊறுகா வந்துச்சா மாப்ள?" என்றார். நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

பார்சலைப் பிரித்தபோது பாட்டிலைச் சுற்றி எங்கள் கல்யாணப் பத்திரிகைகள். தொண்ணூற்றொன்பதில் பாதியாவது இருக்கும். எண்ணெய் கசிந்து, சில பத்திரிகைகளில் மணமகள் பெயர் மட்டும் மஞ்சளாகி இருந்தது. அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை. அவளும் அந்த வீட்டுப் பிள்ளைதானே என்று தோன்றியது. எனக்கு முன்னால் இருபத்துநான்கு வருடம் அப்பாவுக்குப் பாப்பாவாக இருந்தவள். ஊரில் அவள்மேல் சிவப்புக் கோடு போட்டுத்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

நேற்று ஹவுஸ்மைஸ்டர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து தயங்கி நின்றார். "இரண்டு வருடமாகிவிட்டது. உங்கள் மனைவி இனி வரப்போவதில்லையோ என்னவோ. வருத்தமாக இருந்தால் தகட்டை மாற்றிவிடவா?"

"வேண்டாம்," என்றேன். "அவள் என்னோடுதான் வந்தாள்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தகட்டை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிவிட்டுப் போனார்.