இறால் மேல் பழி போடாதவர்

காலை ஷிப்டுக்காக ஊரப்பாக்கத்தில் கம்பெனி பஸ் ஏறி உட்கார்ந்தபோது கடலோரக் குப்பத்து அஞ்சலையிடமிருந்து போன் வந்தது. "சிஸ்டரு, நம்ம டாக்டரம்மா பூட்டாங்களாம். மாரடைப்பாம். உனுக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. மறைமலைநகர் வரும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

டாக்டர் சுகந்தியை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. செங்கல்பட்டில் இருந்துகொண்டு ரத்தக்கொதிப்பையும் அதன் மருந்துகளையும் ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். ஆனால் அந்த ஒரு காலையில் அவருடன் இருந்தவள் நான். அதை எழுதிவிட வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பங்களில் ஒரு புதிய ரத்தக்கொதிப்பு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தோம். சிலருக்குப் புதியது, சிலருக்குப் பழையது. யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது, ஆய்வின் நர்ஸான எனக்கும் தெரியாது. அன்று ஜீப்பிலிருந்து இறங்கும்போதே அஞ்சலை ஓடி வந்தாள். பின்னால் அவள் கணவர் ஏழுமலை, எங்கள் ஆய்வு மாத்திரையைச் சாப்பிடுபவர். உதடு வீங்கித் தொங்கியது.

"ராத்திரி எறா தொக்கு துன்னாரும்மா. காலைல எயுந்தா மூஞ்சி இப்டி கீது."

டாக்டர் அவர் கையைத் திருப்பிப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். தடிப்பில்லை, அரிப்பில்லை. "நாக்கை நீட்டுங்க" என்றார். நாக்கு வெளியே வரவில்லை. வாய் முழுக்க அதுவே நிறைந்திருந்தது. அலர்ஜிக்கான ஊசி போட்டும் வீக்கம் அசையவில்லை.

"இது அலர்ஜி இல்ல. தொண்டை மூடறதுக்குள்ள போயாகணும்" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில்.

திருக்கழுக்குன்றம் வழியாக ஜீப் பறந்தது. டாக்டர் ஏழுமலையைப் படுக்க விடவில்லை. தன் தோளில் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டார். ஏழுமலை விழுங்க முடியாமல் விட்ட எச்சிலில் டாக்டரின் புடவையெல்லாம் நனைந்தது. மறுகையில் ஆஸ்பத்திரிக்குப் போன்: "கழுத்துல துளை போட வேண்டியிருக்கும். வாசல்லயே நில்லுங்க." ஏழுமலையின் மூச்சு கீச்சிடத் தொடங்கியது.

"இன்னா ஆவும்மா, சொல்லும்மா" என்று அஞ்சலை கதறினாள்.

"மூச்சு விடறார் பாரு. அதை மட்டும் பாரு."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது அந்தக் கீச்சொலியும் நின்றிருந்தது. ஸ்ட்ரெச்சரிலேயே கழுத்தைத் திறந்து குழாய் வைத்தார்கள். நீலம் பாய்ந்திருந்த முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் டாக்டர் ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை எடுத்தார்.

ஆய்வின் ரகசியப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, ஏழுமலைக்குக் கொடுத்தது புதிய மாத்திரை என்று தெரிந்தது. ஆய்வுக்குப் பணம் தந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "மேடம், மீனவர்தானே? இறால் ஒத்துக்கலைன்னு போட்டுடலாமே."

"பொறந்ததுலேர்ந்து இறால் சாப்பிடறார். மாத்திரைதான் புதுசு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் டாக்டர். அன்றே புதிய மாத்திரையை நிறுத்தி, எல்லோருக்கும் பழையதையே கொடுக்கச் சொன்னார். ஆய்வு மூடப்பட்டது. அப்புறம் எந்த மருந்து நிறுவனமும் அவரைத் தேடி வரவில்லை.

அவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்றிருந்தது. குப்பத்தில் பயந்துபோய் எல்லோரும் பழைய மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வீடு வீடாகப் போனோம். "எங்கள இன்னா எலின்னு நென்ச்சிக்கினியா?" என்று ஏழுமலையின் தம்பி அடிக்கக் கை ஓங்கினான். டாக்டர் நகரவில்லை. "திட்டு. ஆனா உன் பிரஷரைப் பார்க்க விடு" என்றார். பார்த்தபோது அது பக்கவாதத்தைக் கொண்டுவரும் அளவுக்கு ஏறியிருந்தது. அப்படியும் அவன் மாத்திரையை வாங்க மறுத்தான்.

கடைசியில் ஏழுமலைதான் எழுந்து வந்தார். கழுத்துப் புண் இன்னும் ஆறவில்லை, குரல் கரகரத்தது. தம்பியின் உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, "இது வேறடா. நானே துன்றேன். போடு" என்றார். பிறகு எங்களோடு ஒவ்வொரு வாசலுக்கும் வந்தார். டாக்டர் அவருக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார். அவர் அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

நான் இப்போது தொழிற்சாலை மருத்துவ அறையில் வேலை செய்கிறேன். நேற்று ஒரு தொழிலாளி, புதிதாக எழுதித் தந்த பிரஷர் மாத்திரையைக் காட்டி, "இந்த மாத்திர ஒத்துக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். ஒத்துக்கும் என்று சொல்வது சுலபம். "நிச்சயமா சொல்ல முடியாது. உதடு வீங்கினா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, எனக்கும் போன் பண்ணுங்க" என்று சொல்லி, என் நம்பரைக் கொடுத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, நோயாளியை விட்டுப் போகாமல் நிற்பது: டாக்டர் சுகந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.