சுண்ணாம்பு அடித்த கற்கள்

அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று சொன்னது நான்தான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் வழக்கம்போல நழுவிவிடுவேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. துணியை அளந்து கிழித்து மடித்துக் கொடுக்க வேண்டும். கடையின் பின்கதவைத் திறந்தால் ஒரு பள்ளம். நகரசபைக்குச் சொந்தமான இடம் என்றார்கள், ஆனால் நகரசபை அதை எப்போதோ மறந்துவிட்டது. உடைந்த தேயிலைப் பெட்டி, போத்தல் ஓடு, அழுகிய கோவா இலை, செத்த பூனை எல்லாம் அங்கேதான் வந்து விழும். மழைக்காலத்தில் அந்த நாற்றம் கடைக்குள் ஏறிப் புதுத் துணியில் கூடத் தங்கும்.

பக்கத்துக் கடை விறாந்தையில் ஒரு தையல்காரர் இருந்தார். முஸ்லிம். அண்ணன் என்கிற மாதிரி நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். ஒருநாள் அவர் மனைவி துணி காயப்போடப் போய், காலில் போத்தல் ஓடு ஏறி, பத்து நாள் நடக்க முடியாமல் கிடந்தார். அந்தக் கோபத்தில்தான் நானா மண்வெட்டியைத் தூக்கினார். நானும் இறங்கினேன். மாடி அறையில் குடியிருந்த தபால் கந்தோர் கிளாக்கர், யாழ்ப்பாணத்து மனுஷர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூன்றாவது ஆளாக வந்தார். கடை அடைக்கும் அரைநாள்களிலெல்லாம் குப்பை அள்ளினோம். நகரசபைக்கு மனு எழுதி ஒரு தண்ணீர்ப் பைப்பு வாங்கித் தந்தது கிளாக்கர். ரயில் பாதையில் கழித்துப்போட்ட கட்டைகளில் நானா உட்கார வாங்கு செய்தார். மழைக்கு ஒதுங்க நாலு தகரம் போட்டோம். பேக்கரிக்காரரின் மனைவி, சிங்களப் பெண், ஒரு கூடை நிறைய டேலியாக் கிழங்கு கொண்டுவந்து தானே நட்டுவிட்டு, "தென் ஹொந்தாய்", இப்போது நன்றாயிருக்கிறது, என்று கையைத் தட்டிக்கொண்டு போனார்.

வீதியில் எல்லோருக்கும் அந்த இடத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. மாடி அறைகளில் அடைந்து கிடந்த பெண்கள் சாயங்காலம் இறங்கி வந்தார்கள். கிளாக்கர் பேப்பரை உரக்க வாசித்தார். வாசலில் கதவு வைக்கலாமா என்று யாரோ கேட்டபோது கிளாக்கர்தான் வேண்டாம் என்றார்.

"வாறவை வரட்டும். ஞாயிற்றுக்கிழமையில தோட்டத்துச் சனம் பஸ்ஸுக்கு மழையில நிக்குது. அவையளும் வந்து இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன். பிறகு வீதியிலிருந்து உள்ளே வரும் பாதையின் இரண்டு பக்கமும் கல் அடுக்கிச் சுண்ணாம்பு அடித்தால் எடுப்பாக இருக்கும் என்றேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நானே உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக அடித்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலி ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். கொழுந்து பறித்து என்னை வளர்த்தது அக்கா. ஆனால் எங்கள் முதலாளி தோட்டத்துப் பையன்களைக் கடையில் சேர்ப்பதில்லை. அவருக்கு ஊரிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, கப்பலேறி வந்தவன்தான் வேண்டும். நான் திருச்சிப் பக்கம் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். திருச்சியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அக்காவிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

"கடைக்கு வந்தா என்னயத் தம்பின்னு கூப்பிட்றாதக்கா. வேலை போயிரும்."

"சரிப்பா, அதுக்கென்ன" என்றாள் அவள். அதற்குப் பிறகு கடைக்கு வந்தால் சேலையைத் தடவிப் பார்த்து, விலை கேட்டு, வேண்டாம் என்று போய்விடுவாள். அவள் அதை ஒரு விளையாட்டு போலச் செய்தாள். எனக்கும் அது விளையாட்டாகவே பட்டது என்பதை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இடம் தயாரான பிறகு வந்த முதல் ஞாயிறு. சம்பளம் போட்ட மறுநாள் என்பதால் தோட்டத்து ஜனம் டவுனில் நிரம்பியிருந்தது. மத்தியானம் மழை பிடித்தது. பின்கதவு வழியாகப் பார்த்தேன். தகரத்தடியில் வாங்குகள் காலியாகக் கிடந்தன. வெளியே, பாதை தொடங்குகிற இடத்தில், இருபது முப்பது பேர் தலையில் கம்பளியும் சாக்குமாக நனைந்துகொண்டு நின்றார்கள். தள்ளுமுள்ளு இல்லை. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்பது போலவே வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் அக்கா இருந்தாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை.

பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. தோட்டத்தில் துரை பங்களாவுக்கு ஏறும் பாதைக்குத்தான் இரண்டு பக்கமும் வெள்ளைக் கல். லயத்து ஆட்கள் அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே கால் வைக்கக் கூடாது. எங்கும் எழுதிப் போட்டிருக்காது, ஆனால் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு பூவுக்காக அந்தக் கல்லைத் தாண்டினேன். காவல்காரன் பார்த்துவிட்டான். மறுநாள் பெரட்டில் அக்காவுக்குப் பேர் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. மூன்றாவது நாள் அவள் வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா முன்னால் கைகட்டி நின்று அழுத பிறகுதான் கூடையைத் தூக்க விட்டார்கள். என்னை அவள் அடிக்கவில்லை. "வெள்ளக் கல்லத் தாண்டாத தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

இதை மறந்து சுண்ணாம்பு அடித்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு அது உண்மையிலேயே அழகாகத் தெரிந்தது. சின்ன வயதில் அழகு என்று நான் பார்த்தது அந்தப் பாதையைத்தான். என் கையால் ஒரு பாதை போட வாய்த்ததும் துரையின் பாதையையே போட்டு வைத்தேன்.

கிளாக்கர் குடையோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"என்ன தம்பி, உவையள் ஏன் உள்ளுக்கு வராமல் நனையினம்?"

ஒரு வார்த்தை போதும். கல்லைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் ஐயா, நான் போய்க் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால்? என் மூளை அப்படித்தான் ஓடியது.

"அவங்க அப்பிடித்தாங்க ஐயா. பழக்கமில்ல."

"கூப்பிட்டுப் பாருங்கோவன்."

"கூப்பிட்டா கூட்டமா வந்து வெத்தல துப்பி வச்சிருவாங்க."

இதை நான்தான் சொன்னேன். என்னைச் சொல்லச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. கிளாக்கர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தானே குடையோடு போய்க் கூப்பிட்டார். காற்சட்டை போட்ட மனுஷர் நெருங்கி வந்ததும் வரிசை இன்னும் நாலடி பின்வாங்கியது. அவர் கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தார். அக்கா கம்பளியைக் குழந்தை மேல் இழுத்து விட்டாள். அவள் தலை நனைந்தது. பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. நான் அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஒருநாள் விடியற்காலையில், பனி விலகுவதற்கு முன்னால், போய் எல்லாக் கற்களையும் புரட்டிப் போட்டேன். வெள்ளை முகம் மண்ணுக்குள் போனது. சிலதை டேலியாச் செடிகளுக்குள் உருட்டிவிட்டேன். காலையில் நானா தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருடா இந்த வேல பார்த்த?"

"மாடு பூந்திருக்கும் நானா" என்றேன். நல்லது செய்யும்போதும் எனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிறு ஒரு கிழவர் முதலில் மூட்டையை வாங்கின் மேல் வைத்தார். யாரும் விரட்டவில்லை. பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பைப்பில் முகம் கழுவினார்கள். வெற்றிலை துப்ப வேண்டியவர்களெல்லாம் எழுந்து வேலியோரம் போனார்கள். அதை நான் எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாடு செஞ்ச புண்ணியம்" என்று நானா சிரித்தார்.

அக்காவும் வந்தாள். வாங்கின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தாள். அந்த நேரம் கடையில் ஆளில்லை. நானும் நானாவும் கிளாக்கரும் எதிர் வாங்கில் இருந்தோம். குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. கிளாக்கர் குழந்தையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இந்தப் பிள்ளை உங்கட சாடையாக் கிடக்கு. தாயும் அப்பிடித்தான் இருக்கிறா. சொந்தமோ?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆமாம் என்றால் கொஞ்சம் நகர்ந்து வாங்கில் இடம் கொடுத்திருப்பார், அவ்வளவுதான். முதலாளியிடம் போய்ச் சொல்கிற ஆளும் இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும். சட்டையில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அக்கா எழுந்து நின்றாள்.

"ஐயோ, இல்லீங்க. நாங்க தோட்டத்து ஆளுங்க. இந்த ஐயா கடையில துணி எடுப்போம், அவ்வளவுதானுங்க."

ஐயா. என் ஈரக் கால்சட்டையை மாற்றிவிட்டு வளர்த்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். தம்பி என்று கூப்பிடாதே என்றுதான் நான் கேட்டிருந்தேன். இதை நான் கேட்கவில்லை. அவளே தேடிக் கொடுத்தாள்.

"ஆமா" என்றேன் நான்.

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் இருந்த இடத்தில் ஒரு துணிப் பொட்டலம் கிடந்தது. மாதம் ஒருமுறை கடைப் பின்கதவு ஓரம் எனக்காக வைத்துவிட்டுப் போகும் அதே பொட்டலம்.

"பொதியை விட்டிட்டுப் போறா, கூப்பிடுங்கோ தம்பி" என்றார் கிளாக்கர்.

எழுந்து நின்றேன். எப்படிக் கூப்பிடுவது?

"இந்தாம்மா" என்று கத்தினேன்.

அவள் உடனே திரும்பவில்லை. அந்தப் பெயரில் நான் அவளைக் கூப்பிட்டதே இல்லையே. இரண்டாவது தடவை கத்திய பிறகு திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள்.

"வச்சுக்குங்க ஐயா. நீங்களே சாப்பிடுங்க."

நானா பொட்டலத்தைப் பிரித்தார். தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். இன்னும் சூடு ஆறவில்லை. எட்டு மைல் தூரம் மாருக்குள் வைத்துக் கொண்டுவந்திருப்பாள். மூன்றாகப் பிய்த்தோம். "நல்ல கைப்பக்குவம், பாவம், நல்ல மனுசி" என்றார் கிளாக்கர். ஆமாம் என்று சொல்லி நானும் தின்றேன்.